கொலை செய்தது சினிமாவா, குடும்பமா?

துப்பறியும் நாவல் என்றவுடன் முகம் சுளிக்கும் பண்டிதர் ஒரு சாரார். சினிமா என்றவுடன் காதைப் பொத்திக்கொள்ளும் சீலர் மற்றொரு சாரார். இவ்விரு சாராரும் நம் தோட்டங்களிலும் பட்டணங்களிலும் நிறைந்திருக்கின்றனர். ஆனால் வேடிக்கையைப் பாருங்கள்! முகம் சுளிக்கும் பண்டிதரின் தலையணைக்கு அடியில் துப்பறியும் நாவல் ஒன்று ஒளிந்திருக்கும். காதைப் பொத்திக்கொள்ளும் சீலருக்கோ, எந்த நடிகை எந்த முதலாளியோடு எந்த ஊரில் தங்கினாள் என்னும் விவரம் மனப்பாடமாய் இருக்கும். வெறுப்பதாகச் சொல்லும் பொருளையே விரும்பி உண்ணும் இவ்வியல்பு மனித சுபாவத்தின் பழைய நோய்களுள் ஒன்று. இந்நோய்க்கு மருந்தாகக் கூடிய நூல் ஒன்றைப் பற்றி இன்று நேயர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம். அது துப்பறியும் நாவல். அதுவும் சினிமா உலகத்தை ஒட்டி நிகழும் கொலைகளைப் பற்றிய நாவல். ஆகவே மேற்கூறிய இரு சாராரும் ஒருங்கே கோபிக்க இடமுண்டு. கோபித்துக்கொண்டாவது படிப்பார்களாயின் நமக்கு மகிழ்ச்சியே.

நூலின் பெயர் 'தி லிட்டில் சிஸ்டர்'. தமிழில் 'தங்கை' என்று சொல்லலாம். எழுதியவர் ரேமண்ட் சாண்ட்லர் என்னும் அமெரிக்கர். 1949-ஆம் ஆண்டில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வெளியாயிற்று. ஆங்கிலப் பள்ளியில் படித்த நமக்கு, இத்தகைய நூல்கள் இரயில் பயணத்தில் படித்துவிட்டு இறங்கும்போது ஆசனத்திலேயே விட்டுவிடத் தக்கவை என்றே ஆசிரியர்கள் போதித்தனர். தோட்டத்துக் கிராணி வேலைக்கு வந்தபின், பெரட்டு முடிந்து, செக்ரோல் எழுதி, நிறுவைக் கணக்கையும் சரிபார்த்து வைத்த இரவுகளில் இந்நூலை இருமுறை படித்தோம். முதன்முறை, கொன்றவர் யார் என்று அறியப் படித்தோம். இரண்டாம் முறை, கொலை ஏன் நடந்தது என்று அறியப் படித்தோம். இரண்டாம் முறைதான் நூல் நமக்கு விளங்கிற்று.

முதலில் ஆசிரியரைப் பற்றிச் சில சொற்கள். சாண்ட்லர் 1888-ஆம் ஆண்டில் சிகாகோ நகரில் பிறந்தார். இளமையில் தாயாருடன் இங்கிலாந்து சென்று, லண்டனில் டல்லிச் கல்லூரிப் பள்ளியில் கிரேக்கமும் லத்தீனும் கற்றார். பின்னர் அமெரிக்கா திரும்பி, லாஸ் ஏஞ்சலீஸ் நகரில் எண்ணெய்க் கம்பெனி ஒன்றில் கணக்கராகச் சேர்ந்து படிப்படியாக உயர்ந்த உத்தியோகத்தை அடைந்தார். குடிப்பழக்கம் அந்த உத்தியோகத்தை 1932-இல் பறித்தது. அப்பொழுது அவருக்கு வயது 44. வயிற்றுப்பாட்டுக்கு வேறு வழி காணாது, மலிவுப் பத்திரிகைகளுக்குத் துப்பறியும் கதை எழுதப் புகுந்தார். முதற்கதை 1933-இல் 'பிளாக் மாஸ்க்' என்னும் பத்திரிகையில் வெளிவந்தது. முதல் நாவலாகிய 'தி பிக் ஸ்லீப்' 1939-இல் வெளிவந்தது. கணக்கெழுதிப் பிழைப்போராகிய நமக்கு, கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டுக் கதைப் புத்தகத்தைத் திறந்த இம்மனிதரிடம் ஒரு தனிப்பற்று உண்டாவதை மறைக்க விரும்பவில்லை.

அவர் சினிமா உலகத்தை வெளியில் நின்று எட்டிப் பார்த்து எழுதியவர் அல்லர். 1943-இல் பாரமவுண்ட் கம்பெனி அவரை அழைத்துச் சம்பளம் கொடுத்து அமர்த்தியது. பில்லி வைல்டர் என்னும் டைரக்டருடன் சேர்ந்து அவர் எழுதிய 'டபுள் இன்டெம்னிட்டி' 1944-இல் திரைக்கு வந்தது. அவர் தனியே எழுதிய 'தி புளூ டாலியா' 1946-இல் வந்தது. இரண்டு படங்களின் திரைக்கதைக்கும் ஆஸ்கார் பரிசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது. எனினும் ஹாலிவுட்டில் எழுத்தாளன் கூலிக்காரனாகவே நடத்தப்படுகிறான் என்பதை 1945 நவம்பரில் 'அட்லாண்டிக்' பத்திரிகையில் ஒரு கட்டுரையாக எழுதி அவர் பலரின் பகையைத் தேடிக்கொண்டார். இந்த அனுபவமெல்லாம் ஊறிக்கிடந்து நான்கு ஆண்டுகளுக்குப் பின் நாவலாய் வெளிப்பட்டது.

இனிக் கதைக்கு வருவோம். முடிவையும் சேர்த்தே சொல்லப் போகிறோம். முடிவைச் சொல்லாமல் இந்நூலை மதிப்பிடுவது இயலாத காரியம் ஆகலின், வாசகர் பொறுத்தருள்க.

லாஸ் ஏஞ்சலீஸ் நகரில் வருமானமின்றி இருக்கும் துப்பறிவோன் பிலிப் மார்லோ, தன் அலுவலகத்தில் ஈ ஒன்றை அடிக்கப் பதுங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் ஒரு பெண் வருகிறாள். பெயர் ஓர்பமே குவெஸ்ட். கான்ஸாஸ் மாகாணத்தில் மன்ஹாட்டன் என்னும் சிற்றூரைச் சேர்ந்தவள். முகத்தில் பூச்சில்லை, உதட்டில் சாயமில்லை, உடம்பில் நகையில்லை. விளிம்பில்லாத மூக்குக் கண்ணாடி அணிந்தவள். மதுவும் புகையும் அவளுக்கு ஆகா. காணாமற்போன தன் தமையன் ஓரினைக் கண்டுபிடித்துத் தர வேண்டும் என்று 20 டாலரை எண்ணி வைக்கிறாள். ஓரின் 'பே சிட்டி' என்னும் கடற்கரை ஊரில் தங்கியிருந்தவன். அண்மையில் கடிதம் இல்லை. ஊரில் தாயார் கவலையாய் இருக்கிறாள். இதுவே அவள் சொல்லும் வரலாறு.

மார்லோ தேடிப் போகிறான். போன இடமெல்லாம் பிணம் கிடக்கிறது. ஓரின் தங்கியிருந்த விடுதியின் காரியஸ்தன், கழுத்தின் பின்புறத்தில் ஐஸ் உடைக்கும் ஊசி பாய்ந்து கிடக்கிறான். மற்றோர் ஓட்டலில் வேறொருவனும் அவ்விதமே மாண்டு கிடக்கிறான். அவன் அணிந்திருந்த பொய்முடியின் அடியில், போட்டோக் கடைச் சீட்டு ஒன்று ஒளிந்திருக்கிறது. அச்சீட்டைக் கொடுத்து வாங்கினால் வருவது ஒரு புகைப்படம். மேவிஸ் வெல்ட் என்னும் வளர்ந்துவரும் நடிகை, ஸ்டீல்கிரேவ் என்னும் ஓட்டல் முதலாளியுடன் அமர்ந்து சாப்பிடும் காட்சி அதில் இருக்கிறது. பார்ப்பதற்கு அதில் ஆபாசம் சிறிதும் இல்லை. ஆனால் மேஜைமேல் கிடக்கும் பத்திரிகையின் தலைப்பைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் தேதி தெரிகிறது. அந்தத் தேதியில் ஸ்டீல்கிரேவ் சிறையில் இருந்ததாகச் சர்க்கார் குறிப்பு. அதே நாளில் அவனுடைய பகைவன் ஒருவன் சுட்டுக் கொல்லப்பட்டிருக்கிறான். சிறையில் இருந்தவன் வெளியே விருந்துண்டான் என்றால், வெளியே கொலையும் செய்திருக்கலாம் அன்றோ? அப்புகைப்படத்தின் விலை ஏறுவதற்கு இதுவே காரணம்.

இஃது ஆசிரியரின் வெறுங் கற்பனை அன்று. 1940-இல் கொலைக் குற்றச்சாட்டின் பேரில் லாஸ் ஏஞ்சலீஸ் சிறையில் அடைபட்டிருந்த பக்ஸி சீகல் என்னும் பேர்பெற்ற ரௌடி, பல் வைத்தியத்தின் பெயரால் வெளியே போய் உலாவியதும், நடிகை ஒருத்தியோடு உணவருந்தியதும் அக்காலத்துப் பத்திரிகைகளில் அம்பலமாயின. நாட்டில் நடந்ததை எடுத்து, கதைக்கு வேண்டிய அளவு திருத்தி அமைத்த கைத்திறன் மெச்சத்தக்கது.

நிற்க. ஒரு நடிகை ஒருவனோடு சாப்பிட்டதற்காகவா அவள் பிழைப்புப் போய்விடும் என்று நேயர்கள் கேட்கலாம். ஹாலிவுட்டின் ஒப்பந்த முறையை அறிந்தால் இது விளங்கும். 1922 பிப்ரவரி 1-ஆம் தேதி இரவு, வில்லியம் டெஸ்மண்ட் டெய்லர் என்னும் டைரக்டர் தம் வீட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். கொன்றவர் யார் என்பது இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை. ஆனால் அவருடன் பழகிய மேபல் நார்மண்ட், மேரி மைல்ஸ் மின்டர் என்னும் இரு நடிகைகளின் பெயர், எந்தக் கோர்ட்டிலும் குற்றம் சாட்டப்படாமலே, பத்திரிகைகளில் நாறடிக்கப்பட்டது. அக்காலத்தில் எழுந்த இத்தகைய அவதூறுகளுக்கு அஞ்சிய முதலாளிகள், நடிகர் எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தத்தில் ஒழுக்க நிபந்தனை ஒன்றையும் நுழைத்தனர். பெயர் கெட்டால் ஒப்பந்தம் ரத்து. அதாவது, குற்றம் செய்திருக்க வேண்டுவதில்லை. ஊர் வாயில் விழுந்தால் போதும். புகைப்படத்தைக் காட்டிப் பணம் பறிக்கும் தொழில் இந்த நிபந்தனையின் நிழலில்தான் கொழுத்து வளர்ந்தது.

சினிமா உலகத்தைச் சாண்ட்லர் வருணிக்கும் பகுதிகள் நகைச்சுவை நிரம்பியவை. நடிகையின் ஏஜெண்டாகிய ஷெரிடன் பல்லூ என்பவன், ஆடம்பரமான அறையில், கையில் பிரம்பைச் சுழற்றியபடி உலாவிக்கொண்டு பேசுகிறான். அது மலாக்காப் பிரம்பு! நம் பக்கத்துக் காடுகளில் வெட்டி, மலாக்காத் துறைமுகத்தின் பெயரைச் சுமந்து போன பிரம்பு, ஹாலிவுட் கனவானின் விரல்களில் சுழல்வதைப் படித்தபோது நாம் வாய்விட்டுச் சிரித்தோம். வெட்டியவனை அப்பிரம்பு அறியாது. பிடித்தவனுக்கு அழகு சேர்க்கிறது.

இன்னும் சிறந்தது சினிமாக் கம்பெனித் தலைவர் ஜூல்ஸ் ஓப்பன்ஹைமர் வரும் காட்சி. கோடீசுவரராகிய இவர், ஸ்டுடியோ முற்றத்தில் அமர்ந்து தம் மூன்று நாய்களின் போக்கைக் கவனிப்பதிலேயே ஈடுபட்டிருக்கிறார். படத்தொழிலின் இரகசியத்தையும் அவரே சொல்லிவிடுகிறார். கதையோ நடிப்போ கலையோ அன்று. 1500 கொட்டகைகள் சொந்தமாக இருந்தால் போதுமாம். வேடிக்கையாகச் சொன்னதாயினும் இதில் பொருளாதார உண்மை முழுவதும் அடங்கியிருக்கிறது. அக்காலத்தில் பெரிய கம்பெனிகள் படம் எடுப்பதோடு நில்லாமல், படத்தை விநியோகிப்பதும் திரையிடும் கொட்டகைகளை நடத்துவதும் தாமே என்று மும்முனையையும் கைப்பற்றி வைத்திருந்தன. பிறருடைய கொட்டகைக்காரர் நல்ல படம் ஒன்று கேட்டால், சோடைப் படங்களையும் கட்டாகச் சேர்த்து அவர் தலையில் கட்டினர். 1948 மே 3-ஆம் தேதி, அமெரிக்க உச்ச நீதிமன்றம் பாரமவுண்ட் முதலிய கம்பெனிகளுக்கு எதிராகத் தீர்ப்பளித்து இக்கட்டு வியாபாரத்தைக் கண்டித்தது. அதன் பயனாகக் கம்பெனிகள் தம் கொட்டகைகளைப் பிரித்து விற்க நேர்ந்தது. நாவல் வெளியானது அதற்கு அடுத்த ஆண்டு. ஆட்டங்காணத் தொடங்கிய அரண்மனைக்குள் அமர்ந்து நாயோடு விளையாடும் ராஜாவைப் போல ஓப்பன்ஹைமர் நமக்குத் தோன்றுகிறார்.

இவ்வளவும் படிக்கும் வாசகன் என்ன எதிர்பார்ப்பான்? பணப்பேய் பிடித்த முதலாளி, பிரம்பு சுழற்றும் ஏஜெண்ட், வேஷம் போடும் நடிகை, சிறையிலிருந்து வந்து விருந்துண்ணும் ரௌடி என்னும் இக்கூட்டத்தில் ஒருவர்தான் மூலக் குற்றவாளி என்று எதிர்பார்ப்பான். சினிமா உலகம் அழுகியது. அதில் விழுந்த கிராமத்துப் பிள்ளை ஓரின் கெட்டான். தேடிவந்த தங்கை கண்ணீர் விடுகிறாள். நம்மவர் மேடைகளில் நூறுமுறை கேட்ட பிரசங்கமும் இதுவே.

சாண்ட்லர் இவ்வெதிர்பார்ப்பைத் தலைகீழாகப் புரட்டுகிறார். மேவிஸ் வெல்ட் என்னும் நடிகை வேறு யாருமல்லள். பெயர் மாற்றிக்கொண்ட லீலா குவெஸ்ட். ஓரினுக்கும் ஓர்பமேக்கும் உடன்பிறந்த அக்காள்! மறைந்திருந்து அந்தப் புகைப்படத்தை எடுத்தவன் தம்பி ஓரின். அக்காளின் வாழ்வையே பணயமாக வைத்து பணம் பறிக்க அவன் திட்டமிட்டான். ஐஸ் ஊசியால் நிகழ்ந்த கொலைகளிலும் அவன் கையே இருந்ததென்று கதை நம்மை நினைக்கச் செய்கிறது. குண்டு பட்டுச் சாகும் தறுவாயிலும் அவன் கையில் ஐஸ் ஊசிதான் இருக்கிறது. சரி, தமையனைத் தேடிவந்த தங்கை? அவள் வந்தது பாசத்தினால் அன்று, பங்குக்கு! ஓரின் தனியாகப் பணம் சேர்த்துக்கொண்டு தன்னை ஏமாற்றுகிறான் என்னும் சந்தேகமே அவளை இரயில் ஏற்றியது. கடைசியில், அவன் ஒளிந்திருக்கும் இடத்தை ஸ்டீல்கிரேவிடம் அவளே காட்டிக்கொடுத்தாள். கூலி 1000 டாலர். மார்லோ அவளுடைய கைப்பையைக் கவிழ்க்கிறான். விழுவன பத்து நோட்டுகள். ஒவ்வொன்றும் நூறு டாலர். எல்லாம் மடிப்புக் கலையாத புது நோட்டுகள்.

அக்காளோ, ஸ்டீல்கிரேவ் கொலையுண்ட இடத்தில், தானே கொன்றதாகச் சொல்லிப் பழியைத் தன் தலையில் ஏற்க முன்வருகிறாள். உண்மையில் அவனைக் கொன்றவள் டொலோரஸ் கான்ஸலஸ் என்னும் மற்றொரு நடிகை. காரணம், தன்னை விட்டு அவன் மேவிஸிடம் போனமை. ஆக, சாயம் பூசிய அக்காள் பழியை ஏற்கத் துணிகிறாள். சாயம் பூசாத தங்கை பணத்தை எண்ணிக்கொண்டு ஊருக்குத் திரும்புகிறாள். தங்கைக்குச் சட்டப்படி எந்தத் தண்டனையும் இல்லை. மன்ஹாட்டன் ஊரில் அவள் மறுபடியும் நல்ல பெண்ணாகவே வாழ்வாள். ஆசிரியர் நூலுக்குத் 'தங்கை' என்று பெயரிட்டதன் நுட்பம் இங்கேதான் புலப்படுகிறது. கொன்றவள் பெயரைச் சூட்டாமல், விற்றவள் பெயரைச் சூட்டினார்.

இந்நூலின் மதிப்பை அறிவதற்கு 'தி புளூ டாலியா' படத்தின் வரலாற்றை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். யுத்தத்திலிருந்து திரும்பும் கடற்படை வீரன் ஒருவனுடைய மனைவி கொலையாகிறாள். அவனுடன் யுத்தத்தில் பணிபுரிந்து, தலையில் காயம் பட்டு, நினைவு தடுமாறும் நண்பன் ஒருவனையே சாண்ட்லர் கொலையாளியாக அமைத்திருந்தார். தேசத்துக்காகக் காயமுற்றவனைக் கொலைகாரனாகக் காட்டுவதாவது என்று அமெரிக்கக் கடற்படை இலாகா ஆட்சேபித்தது. படப்பிடிப்போ தொடங்கிவிட்டது, கதாநாயகன் ஆலன் லாட் மீண்டும் இராணுவத்துக்குப் போக வேண்டிய நாளும் நெருங்கிவிட்டது. அவசரத்தில் முடிவு மாற்றப்பட்டது. விடுதியில் காவல் வேலை பார்க்கும் கிழவன் ஒருவன் தலையில் கொலை சுமத்தப்பட்டது. அதாவது, கௌரவம் மிக்க ஸ்தாபனத்துக்குக் களங்கம் வராதபடி, கேட்பாரற்ற ஒருவன் குற்றவாளி ஆனான்!

இதைச் சாண்ட்லர் மறக்கவில்லை என்றே நாம் கருதுகிறோம். சினிமாவில் குற்றவாளியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவருக்கு இல்லை; நாவலில் அவ்வுரிமை முழுவதும் அவருடையது. அந்த உரிமை கைக்கு வந்தவுடன், யாரும் ஆட்சேபிக்கத் தயங்காத மிகப் பெரிய கௌரவ ஸ்தாபனத்தின் மீதே குற்றத்தைக் கொண்டுபோய் வைத்தார். அந்த ஸ்தாபனம் இராணுவம் அன்று, சர்க்கார் அன்று, சினிமாவும் அன்று. குடும்பம்! ஒழுக்கத்தின் பெயரால் பிறரை இகழ்ந்துகொண்டே, இகழப்பட்டவளின் பணத்துக்கு நாக்கைத் தொங்கவிடும் குடும்பம். ஹாலிவுட் அவர்களைக் கெடுத்தது என்று சொல்ல முடியாது. பேராசையை மூட்டையாகக் கட்டிக்கொண்டே அவர்கள் கான்ஸாஸிலிருந்து வந்தார்கள். ஹாலிவுட் அதற்கு ஒரு விலை போட்டுக் கொடுத்தது, அவ்வளவே.

இவ்விடத்தில் நாம் நூலை மூடி வைத்துவிட்டுச் சற்றுநேரம் சும்மா இருந்தோம். ஏனெனில் குவெஸ்ட் குடும்பத்தை நாம் முன்பே கண்டிருக்கிறோம். கான்ஸாஸ் மாகாணத்தில் அன்று. நம் தோட்டத்து லயத்தில். பட்டணத்துக்கு வேலைக்குப் போன பெண்ணைப் பற்றி அவள் தாயும் தமையனும் வாசலில் உட்கார்ந்துகொண்டு இழிவாகப் பேசியதை நம் காதாலேயே கேட்டோம். அவளுடைய நடை கெட்டுவிட்டதாம், உடை கெட்டுவிட்டதாம், தலைமுடியைக் கத்தரித்துக்கொண்டாளாம். மாதக் கடைசியில் அவள் அனுப்பிய பணம் வந்துவிட்டதா என்று விசாரிக்க, அதே தமையன் ஆபீசு வாசலில் மூன்று தடவை வந்து நின்றதையும் நம் கண்ணாலேயே கண்டோம். பணம் வந்த அன்று அவளைப் பற்றிய பேச்சு நின்றுவிடும். தீர்ந்த அன்று மறுபடி தொடங்கும். நாம் அப்பொழுது என்ன செய்தோம்? கணக்கில் ஒப்பம் வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தோம். அந்தப் பெண்ணுக்காக ஒரு சொல்லும் பேசவில்லை. அந்த வெட்கத்தை, தூரதேசத்தில் எழுதப்பட்ட ஒரு துப்பறியும் நாவல் வந்து நினைவூட்ட வேண்டியிருந்தது!

பணம் பறிப்பவனை மட்டும் குற்றவாளி ஆக்கிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ளவும் இயலாது. அவன் விற்கும் சரக்குக்கு வாங்குவோர் வேண்டும். தமிழுலகமும் இதை அறியாததன்று. 'சினிமா தூது', 'இந்து நேசன்' என்னும் பத்திரிகைகளில் நடிகர்களைப் பற்றிய அவதூறுகளை அச்சிட்டுவந்த லட்சுமிகாந்தன், 1944 நவம்பரில் சென்னை வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். அவ்வழக்கில் தண்டனை பெற்ற தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் 1947-இல் குற்றமற்றவர்கள் என்று விடுவிக்கப்பட்டனர். எழுதியவரை ஏசினோம், நடிகர்களுக்காக அழுதோம். ஆனால் அப்பத்திரிகைகளைக் காசு கொடுத்து வாங்கியோர் யார் என்று எவரும் கேட்கவில்லை. சாண்ட்லரின் நாவலில் அந்தப் புகைப்படத்துக்கு விலை உண்டாவதும் இவ்விதமே. அதைப் பார்த்து நாக்கைச் சப்புக்கொட்டும் ஆயிரக்கணக்கான நல்லவர்கள் இருக்கிறார்கள் என்னும் நம்பிக்கையே அதன் விலை.

இனி, குறைகளையும் கூறுதல் விமரிசகன் கடமை. முதலாவது, கதைப்பின்னல் சிக்கலானது. யார் யாரை எப்போது சந்தித்தார், எவர் எங்கே சுட்டார் என்பதைப் பென்சிலும் காகிதமும் எடுத்துக்கொண்டு குறித்தாலொழிய நினைவில் நிற்பதில்லை. செக்ரோல் எழுதிப் பழகிய நமக்கே இரண்டு இடங்களில் கணக்கு உதைத்தது.

இரண்டாவது, நூல் முழுவதும் ஒரு கசப்புப் பரவியிருக்கிறது. மார்லோ இரவில் தனியே கார் ஓட்டிக்கொண்டு நகரத்தையே சபிக்கும் அத்தியாயம் எழுத்தழகில் சிறந்தது. எனினும் அங்கே பேசுவது மார்லோவா, ஹாலிவுட்டில் மனம் நொந்த சாண்ட்லரா என்னும் ஐயம் எழுகிறது. கெட்ட மனநிலையில் எழுதியதால் தமக்கே இந்நூல் பிடிக்கவில்லை என்று ஆசிரியரும் ஒரு கடிதத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

மூன்றாவது குறை இவ்விரண்டினும் பெரிது. டொலோரஸ் என்னும் பாத்திரம் மனுஷியாகப் படைக்கப்படவில்லை. ஆடவரை மயக்கும் பொம்மையாகவே படைக்கப்பட்டிருக்கிறாள். அவள் மெக்ஸிகோ தேசத்துப் பெண்போல நடித்துத் திரிகிறாள். அந்த வேஷத்தின்மீது ஆசிரியர் மலிவான ஏளனத்தை வாரி இறைக்கிறார். முடிவில் அவளுடைய பழைய கணவனாகிய டாக்டர் லகார்டி அவளைக் குத்திக் கொல்கிறான். மார்லோ அதைத் தடுத்திருக்கலாமா என்னும் கேள்வி, அவனுக்கே விடை தெரியாமல் நிற்கிறது. தமையனை விற்றவள் ஊருக்குப் போக, ஆசைப்பட்டவள் மட்டும் சாவது என்ன நியாயம்? உலகம் அப்படித்தான் இருக்கிறது என்று ஆசிரியர் சொல்லலாம். அப்படியாயின் டொலோரஸின் மனத்தையும் ஒருமுறையேனும் நமக்குத் திறந்து காட்டியிருக்க வேண்டும். குடும்பத்தின் வேஷத்தைக் கிழிக்கத் தெரிந்த கை, இவள் விஷயத்தில் பழைய வழக்கத்துக்கு அடிமையாகிவிட்டது.

இந்நாவல் 1969-இல் 'மார்லோ' என்னும் பெயரில் படமாக்கப்பட்டது. ஜேம்ஸ் கார்னர் துப்பறிவோனாக நடித்தார். நம் இளைஞர்கள் பலருக்கு உயிரான புரூஸ் லீயும் அப்படத்தில் தோன்றி, மார்லோவின் அலுவலகத்தைக் கையாலும் காலாலும் அடித்து நொறுக்குகிறார். அப்பாத்திரம் நாவலில் இல்லாதது, படத்துக்கென்று சேர்த்தது. சினிமாவைப் பற்றிய நாவலையே சினிமாவாக்கும்போது, கதையில் இல்லாத சண்டை ஒன்று தேவைப்பட்டதைச் சாண்ட்லர் இருந்து பார்த்திருந்தால் சிரித்திருப்பார். அவர் 1959-லேயே காலமாகிவிட்டார்.

முடிவாக நேயர்களுக்கு நாம் சொல்லக்கூடியது இதுதான். சினிமா உலகத்தில் குற்றமே இல்லை என்று இந்நூல் சொல்லவில்லை, நாமும் சொல்லவில்லை. அங்கே பணம் இருக்கிறது. பணம் இருக்கும் இடத்தில் எறும்பும் வரும், பாம்பும் வரும். ஆனால் 'கெட்ட இடம்' என்று ஓர் ஊரைச் சுட்டிக்காட்டிவிட்டு, சுட்டிய விரலைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குள் போய் உட்கார முடியாது என்பதை இந்நூல் நமக்குக் கற்பிக்கிறது. துப்பறியும் நாவல்கள் பெரும்பாலும், குற்றவாளி வேறு யாரோ ஒருவன் என்னும் நிம்மதியை வாசகனுக்குக் கொடுத்து அனுப்புவன. இது அந்த நிம்மதியைக் கொடுக்க மறுக்கிறது. அதனாலேயே இதை இலக்கியம் என்று சொல்லத் துணிகிறோம்.

ஆங்கிலம் அறிந்த தோழர்கள் இந்நூலைத் தேடிப் படிப்பாராக. படித்தவர், அறியாதவர்க்கு மாலை நேரத்தில் கதையாகச் சொல்வாராக. சொல்லும்போது, பட்டணத்துக்குப் போன பெண்ணைப் பற்றி யாரேனும் அவ்விடத்தில் வாய் திறந்தால், அந்தப் பத்து நோட்டுகளை மட்டும் ஒருமுறை நினைவூட்டுவாராக.